பனியா, அடுப்பா, பஸ்ஸா?

நேயர்களுக்கு வணக்கம். ஜனவரி பிறந்தால் எங்கள் குன்னூர் வீட்டில் ஒரு வழக்கு தொடங்கிவிடும். அம்மாவுக்கு இளைப்பு. "எல்லாம் இந்தப் பனியாலதான்" என்பார் அம்மா. விறகடுப்புதான் என்பேன் நான். வாசலில் உறுமிக்கொண்டு ஏறும் பஸ்ஸின் டீசல் புகை என்பான் தம்பி. புள்ளியியல் பாடம் நடத்துகிறவன் நான்; ஆனாலும் தீர்ப்புச் சொல்ல முடிந்ததில்லை.

உறைபனி விழும் இரவில் காற்று அசையாது. குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்கிவிடும். அதன்மேல் வெப்பக் காற்று மூடி போட்டதுபோல உட்கார்ந்துகொள்ளும். கீழே எழும் புகைக்குப் போக்கிடம் இல்லை. அன்றைக்குத்தான் அடுப்பும் கூடுதல் நேரம் எரியும். பனி, அடுப்புப் புகை, பஸ் புகை மூன்றும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால், எது எவ்வளவு செய்தது என்று எந்தச் சூத்திரமும் உறுதியாகச் சொல்லாது. இன்று அடுப்பைக் காட்டும். நாலு நாள் தரவைச் சேர்த்தால் பஸ்ஸைக் காட்டும்.

அவை பிரிகிற நாட்களில்தான் துப்பு கிடைக்கும். மே மாத சீசனில் வண்டிகள் வரிசைகட்டும், உறைபனி இராது. 2020 ஊரடங்கில் வண்டிகள் நின்றன, அடுப்புகள் நிற்கவில்லை. எனக்கு அந்த மாதங்கள் புதையல். (இப்படிச் சொன்னதற்கு வீட்டில் திட்டு வாங்கினேன்.)

இன்னொரு சிக்கல், கூட்டு விளைவு. அமெரிக்கக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொழிலாளர்களைப் பற்றி 1979-இல் வெளிவந்த ஆய்வில், கல்நாரும் சிகரெட்டும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு கல்நார் தூசி மட்டும் பட்டவர்களுக்கு சுமார் 5 மடங்கு. சிகரெட் மட்டும் பிடித்தவர்களுக்கு 11. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு? 53 மடங்கு! நம் நாட்டின் 2009 காற்றுத் தர வரையறையோ 12 மாசுகளுக்கும் தனித்தனியாக வரம்பு வைக்கிறது. மூச்சை அப்படிப் பிரித்து இழுக்க முடியுமா?

அதனால்தான் கலவையை முழுதாகப் பார்க்கும் முறைகள் வந்தன. 2015-இல் வந்த ஒன்றின் பெயர் பேய்சியன் கர்னல் மெஷின் ரிக்ரெஷன். பெயர்தான் மிரட்டும், உள்ளே இருப்பது எளிய யோசனை. ஏறக்குறைய ஒரே கலவையை சுவாசித்தவர்களுக்கு ஏறக்குறைய ஒரே பாதிப்பு இருக்கும் என்று எடுத்துக்கொள்வது. மாசு இரட்டித்தால் பாதிப்பும் இரட்டிக்கும் என்ற பிடிவாதம் அதற்கு இல்லை. ஆனால் இதற்கும் பல நூறு வீடுகளின் தரவு வேண்டும். எங்கள் வீட்டுக் காலண்டர் மட்டும் போதாது.

இருந்தாலும் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்: இளைப்பு வந்த நாள், அடுப்பு எரிந்த நேரம், ஜன்னல் திறந்திருந்ததா. அம்மா ஒழுங்காக எழுதுகிறார். ஓரத்தில் தினமும் ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்க்கிறார்: பனி.