கிஃபாட்டாவுக்கு வருவானா?

(மாதாந்தரக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம்.

இந்தக் கூட்டத்துக்கு அழைத்தபோது 'எத்தியோப்பியாவில் நான்கு ஆண்டுகள்' என்று பொதுவாகத்தான் தலைப்புக் கொடுத்திருந்தேன். அந்த ஊர் காப்பி, மலை, கல்லூரிப் பிள்ளைகள் என்று பேசிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் அமெரிக்காவிலிருந்து என் தங்கை மகள் போன் செய்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். "பெரியம்மா, ஆப்பிரிக்காவுல ஒரு அனாதை இல்லத்துக்குப் போய்க் குழந்தை தத்தெடுக்கலாம்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம். நீங்க அங்க இருந்தவங்க, எந்த நாட்டுக்குப் போகலாம், சொல்லுங்க" என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசித்ததைத்தான் இங்கே உங்கள் முன் பேசப்போகிறேன்.

2009-லிருந்து 2013 வரை தெற்கு எத்தியோப்பியாவில் வொலைட்டா பகுதியில், சோடோ என்ற ஊரில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். தமோத்தா மலையின் அடிவாரம். அந்நாளில் அங்கே பல்கலைக்கழகங்களைப் புதிது புதிதாகத் திறந்துகொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஏராளமான ஆசிரியர்கள் போனோம். நான் போன வருஷங்கள்தான் அந்த நாட்டிலிருந்து வெளிநாடுகளுக்குக் குழந்தைகள் மிக அதிகமாகப் போன வருஷங்களும். அமெரிக்காவுக்கு மட்டும் 2004-ல் 300-க்கும் குறைவான குழந்தைகள் போனார்கள். 2010-ல் 2,500-க்கும் மேல். ஆறே வருஷத்தில்! ஒரு நாட்டில் ஆறு வருஷத்துக்குள் அனாதைகள் எட்டு மடங்காகப் பெருகுவார்களா? பெருகியவர்கள், குழந்தை கேட்டு வந்தவர்கள்.

வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விசா வேலையாகத் தலைநகர் அடிஸ் அபாபா போகும்போதெல்லாம் ஒரு விருந்தினர் விடுதியில் தங்குவேன். அங்கே பாதி அறைகளில் தத்தெடுக்க வந்த தம்பதிகள்தான். இரண்டு முறை பயணம் வர வேண்டும்: முதலில் கோர்ட்டுக்கு, பிறகு விசாவுக்கு. ஒரு முறை பக்கத்து அறையில் ஓர் அமெரிக்கத் தம்பதி, கூடவே நான்கு வயதுப் பையன். இரண்டாவது பயணத்தில் குழந்தையைக் கையில் கொடுத்திருந்தார்கள். சாப்பிடும்போதெல்லாம் அவன், நம் தோசை மாதிரியான இஞ்சேராவில் ஒரு துண்டைக் கிள்ளிச் சட்டைப் பைக்குள் ஒளித்துவைப்பான். குழம்பு சட்டையெல்லாம் ஊறிவிடும். அந்தப் பெண் ஒரு தடவைகூட அவனை அதட்டவில்லை. ராத்திரி ஒரு தட்டில் இஞ்சேராவைச் சுருட்டி மூடி, அவன் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் படுப்பாள். விழித்துப் பார்த்தால் சாப்பாடு இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டுமாம். அந்தத் தாயை நான் எந்த மேடையிலும் குறை சொல்ல மாட்டேன். அந்த மனசுக்குப் பின்னால் நடந்த வியாபாரத்தைப் பற்றித்தான் என் பேச்சு.

'அனாதை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் காதில் அது விழுந்தால் என்ன அர்த்தம்? நாதியற்றவன், ஒருவரும் இல்லாதவன். ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் கணக்கில், தாய் தந்தையரில் ஒருவர் இறந்திருந்தாலே அந்தக் குழந்தை அனாதை. அவர்களின் கணக்குப்படி 2015-ல் உலகத்தில் இப்படிப்பட்ட குழந்தைகள் ஏறக்குறைய 14 கோடி. அதில் இருவரையும் இழந்தவர்கள் சுமார் 1.5 கோடி. மிச்சப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். உதவி கேட்கும் விளம்பரங்களில் 14 கோடி என்றுதான் போடுவார்கள். படிப்பவர் மனசில் 14 கோடிக் குழந்தைகள் நடுத்தெருவில் நிற்பார்கள்.

இல்லங்களில் இருந்த குழந்தைகளும் அப்படித்தான். அப்பா காசநோயில் போயிருப்பார், அம்மாவுக்கு நிலம் போதாது, மூன்று பிள்ளைகள். ஊருக்குத் தெரிந்த ஒருவர் வந்து, ஒன்றை இல்லத்தில் விடு, படிக்கவைப்பார்கள் என்பார். ஒரு குழந்தையைத் தத்தெடுக்க ஒரு வெளிநாட்டுக் குடும்பம் 20,000 டாலருக்கு மேல் செலவு செய்த காலம் அது. எத்தியோப்பியாவில் ஓர் ஆளின் சராசரி வருஷ வருமானம் 400 டாலரைத் தொடாத காலமும் அதுதான். அந்தப் பணத்தில் ஒரு துளி அந்த அம்மாவுக்குக் கிடைத்திருந்தால், குழந்தை வீட்டைவிட்டுப் போயிருக்கவே வேண்டாம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அங்கே ஒரொமோ மக்களிடம் 'குடிஃபச்சா' என்று ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பிள்ளையைக் கொடுப்பார்கள். வளர்க்கிற வீட்டில் அவனுக்குச் சொத்துரிமை உண்டு, ஊரறிய அவன் அந்த வீட்டுப் பிள்ளை. பெற்றவள் இன்னார் என்பதும் ஊருக்குத் தெரியும். நம் ஊரில் அக்கா பிள்ளையை வளர்க்கவில்லையா? மாமன் வீட்டில் வளர்ந்து ஆளானவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குப் போய்வருவீர்கள். பிள்ளையைக் கொடுப்பது என்றால் அந்தத் தாய்மார்களும் இப்படித்தான் புரிந்துகொண்டார்கள். கோர்ட்டில் நீதிபதி வாசித்த தத்து வேறு. உறவு முழுக்க அறுந்துவிடும், திரும்பக் கேட்க முடியாது என்ற சட்டம். கேள்வி, கோர்ட்டில் புழங்கிய அம்ஹாரிக் மொழியில். வொலைட்டா மொழி பேசுகிற தாய் "இஷி" என்பாள். நம் "சரிங்க" மாதிரி ஒரு சொல். அதிகாரி என்ன கேட்டாலும் "இஷி"தான்.

எத்தியோப்பியா மட்டும் என்று நினைக்காதீர்கள். 2007 அக்டோபரில் சாட் நாட்டில் 'ஸோயியின் பேழை' என்ற பிரெஞ்சு அமைப்பு 103 குழந்தைகளை விமானத்தில் ஏற்றப்போய்ப் பிடிபட்டது. பக்கத்து நாடான சூடானில், டார்ஃபர் போரில் அனாதையானவர்கள் என்றார்கள். நல்ல குழந்தைகளுக்குக் காயக்கட்டு போட்டு வைத்திருந்தார்கள். விசாரித்தால் 91 குழந்தைகளுக்குப் பெற்றவரோ பெற்றவர் இடத்தில் ஒருவரோ வீட்டில் இருந்திருக்கிறார். உகாண்டாவில் கிராமத்துப் பெற்றோரை ஏமாற்றிக் குழந்தைகளை அமெரிக்காவுக்குத் தத்துக் கொடுத்த விவகாரத்தில், 2020-ல் அமெரிக்க அரசே அந்த நாட்டு நீதிபதிகள் இருவர் மீது தடை விதித்தது. நீதிபதிகள்! நம் வடசென்னையிலும் நடந்ததுதானே. தெருவிலிருந்து திருடிய குழந்தைகள் 'கைவிடப்பட்டவர்' என்ற காகிதத்தோடு ஆஸ்திரேலியாவுக்கும் நெதர்லாந்துக்கும் போனது 2005-ல் வெளியே வந்தது. அதில் ஒரு தாய் மரபணுச் சோதனை கேட்டு நெதர்லாந்து நீதிமன்றம்வரை போனார்.

எத்தியோப்பிய அரசும் விழித்துக்கொண்டது. 2011 மார்ச்சில், ஒரு நாளைக்கு 50 கோப்புவரை பார்த்த அமைச்சகம் இனி 5 கோப்புதான் என்றது. 2018 ஜனவரியில் வெளிநாட்டுத் தத்தையே நாடாளுமன்றம் தடை செய்தது. தடை மட்டும் போட்டால் இல்லத்தில் இருக்கிற பிள்ளையின் கதி என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ருவாண்டா செய்ததைத்தான் நான் காட்டுவேன். 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்த இல்லங்களை 2012-க்குப் பிறகு ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் பாட்டியை, சித்தப்பாவைத் தேடிப்போனார்கள். யாரும் இல்லாதவர்களை உள்ளூர்க் குடும்பங்கள் ஏற்று வளர்க்கின்றன. அந்தக் குடும்பங்களுக்கு 'மலாயிக்கா முரின்சி', காவல் தேவதை என்று பெயர்.

என் தங்கை மகளிடம் போன வாரம் பேசினேன். போகாதே என்று சொல்லவில்லை. கோப்பில் அனாதை என்று இருந்தால், அதை யார் சொன்னார்கள், அம்மாவிடம் எந்த மொழியில் கேட்டார்கள், பாட்டியைத் தேடினார்களா என்று கேள் என்றேன். பதில் வராத இடத்தில் பணம் கட்டாதே என்றேன். அவள் இருக்கிற அமெரிக்காவிலேயே அரசின் பராமரிப்பில் தத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் பல்லாயிரம் பேர். அதில் பத்து வயதுப் பிள்ளையும் உண்டு. கைக்குழந்தைதான் வேண்டும் என்று அவள் அழுதாள். அந்த ஆசையும் எனக்குப் புரிகிறது.

அவளிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. சோடோவில் நாங்கள் இருந்த விடுதியைக் கூட்டித் துடைக்க ஓர் அம்மா வருவார். 2011-ல் ஒரு நாள் பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கொண்டுவந்து, "ஆஸ்தெமாரி, இதைப் படித்துச் சொல்லுங்கள்" என்றார். ஆஸ்தெமாரி என்றால் ஆசிரியர். முந்தின வருஷம் அமெரிக்காவுக்குப் போன அவருடைய ஐந்து வயது மகனைப் பற்றிய அறிக்கை. பதினெட்டு வயதாகும்வரை வருஷாவருஷம் அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்று போட்டோ. ஒன்றில் பனியில் நிற்கிறான், முகத்தைத் தவிர எல்லாம் கம்பளி. உயரம், எடை, ஊஞ்சல் பிடிக்கும், ஒரு நாய்க்குட்டி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த அரைகுறை அம்ஹாரிக்கில் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் 'இப்போது ஆங்கிலம் மட்டுமே பேசுகிறான்' என்று ஒரு வரி. அதைப் படிக்காமல் விட்டுவிட்டேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு, "கிஃபாட்டாவுக்கு வருவானா?" என்றார். கிஃபாட்டா வொலைட்டா மக்களின் புத்தாண்டு, செப்டம்பரில் வரும். வெளியூர் போன பிள்ளைகளெல்லாம் வீடு வந்து சேருகிற நாள், நமக்குப் பொங்கல் மாதிரி. மழைக்கால லீவில் அங்கேயும் பள்ளிக்கூடம் மூடுவார்கள்தானே என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

என் வாயில் பேச்சு வரவில்லை. அவர் கீழே உட்கார்ந்து, ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். பால் பல் விழுந்ததா, இருமல் நின்றதா, தங்கைக்குப் பேச்சு வந்துவிட்டது, உன் பெயரைச் சொல்கிறாள். இந்த வருஷம் வர முடியாவிட்டால் பரவாயில்லை, அடுத்த கிஃபாட்டாவுக்கு வா, அம்மா இதே வீட்டில்தான் இருப்பேன்.

அறிக்கையில் முகவரி இல்லை. அதனால் கடிதத்தை அந்தத் தத்து நிறுவனத்தின் ஊர் அலுவலகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்கள். 2013 ஜூலையில் நான் ஊர் திரும்பும்வரை பதில் வரவில்லை. அந்தப் பையனுக்கு இப்போது இருபது வயது தாண்டியிருக்கும்.