ஆழ்கடல் சல்பைடு பாறை எவ்வளவு கெட்டி?

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நம் நீலகிரியின் சார்னோகைட் கல்லைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வரிசையாகத் துளை போட்டு, ஆப்பு இறக்கிச் சம்மட்டியால் அடித்தாலும் லேசில் பிளக்காது. சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் பாரம் தாங்கும். இன்று பேசப்போவது இதற்கு நேர் எதிரான ஒரு பாறை: ஆழ்கடல் சல்பைடு பாறை.

கடலடிப் பிளவுகளில் இறங்கும் நீர் சூடேறி, உலோகங்களைக் கரைத்துக்கொண்டு சுமார் 350 டிகிரியில் பீறிடுகிறது. குளிர்நீர் பட்டதும் செம்பு, துத்தநாகம், இரும்பு ஆகியவற்றின் சல்பைடுகள், அதாவது கந்தகத்தோடு சேர்ந்த உலோகக் கனிமங்கள், படிந்து தூண்களாக எழுகின்றன. கிழக்கு பசிபிக் மேடு என்ற கடலடி மலைத்தொடரில் 1979-ல் ஆல்வின் நீர்மூழ்கியில் போனவர்கள் கரும்புகை கக்கும் இந்தத் தூண்களைக் கண்டார்கள்.

ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவே சூடுநீர் ஓடிய துவாரம். அதன் சுவரில் பித்தளை நிறத்தில் சால்கோபைரைட் என்ற செம்புக் கனிமம் மினுக்கும். வெளிப்பக்கம் கறுத்து, விரலால் தேய்த்தாலே பொடி உதிரும். தூணின் சுவரை முதலில் எழுப்புவது அன்ஹைட்ரைட் என்ற கனிமம். விசித்திரமான சரக்கு இது: சூட்டில் படியும், ஆறினால் கரையும். ஊற்று அடங்கியதும் அது கரைந்துபோய்ச் சுவரெங்கும் ஓட்டை விழும். அந்த ஓட்டைகளில் சிலிக்கா புகுந்து அடைத்தால் கல் இறுகும். இல்லையென்றால் தூண் தானே சரியும். ஆகவே ஒரே மேட்டில் அருகருகே எடுத்த இரண்டு மாதிரிகளின் வலிமைகூடப் பல மடங்கு வேறுபடலாம்.

அதைவிடப் பெரிய விஷயம், ஓட்டைகளில் நிற்கும் தண்ணீர். 1,600 மீட்டர் ஆழத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 160 கிலோ அழுத்தம். இந்த உலோகங்களுக்காகப் பாறையை வெட்டும் இயந்திரத்தின் பல் அதில் இறங்கும்போது துகள்கள் விலகி, இடைவெளி அகலும். அதை நிரப்பத் தண்ணீர் உள்ளே ஓடி வர வேண்டும். பல் வேகமாக நகர்ந்தால் தண்ணீர் வந்து சேராது. உள்ளழுத்தம் விழ, வெளியே நிற்கும் கடலின் அழுத்தம் பாறைத் துகள்களை நெரித்துப் பிடித்துக்கொள்ளும். கரையில் சில்லு சில்லாய்த் தெறித்த அதே கல், அங்கே முரண்டு பிடித்து மாவாக அரைபடும். அந்த மாவு கலங்கலாகக் கிளம்பி, அக்கம்பக்கத்து உயிர்கள்மேல் படியும்.

இந்தியப் பெருங்கடலில் 10,000 சதுர கிலோமீட்டரில் இக்கனிமங்களைத் தேட 2016-ல் நம் நாடு சர்வதேசக் கடலடி ஆணையத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. அங்கே சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் இயங்கும் ஊற்று ஒன்றை 2024-ல் நம் விஞ்ஞானிகள் படமும் பிடித்துவிட்டார்கள். தேடுவதோடு அளப்பதும் நடக்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. மாதிரியைக் காயவிடாமல் கடல்நீரிலேயே வைத்து, அழுத்தக் கலத்துக்குள் அந்த ஆழத்தின் அழுத்தத்தைக் கொடுத்து, வெட்டும் வேகத்தை மாற்றி மாற்றிச் சோதிக்க வேண்டும். எவ்வளவு விசை பிடித்தது என்பதோடு, எவ்வளவு மாவு விழுந்தது என்பதையும் எடை போட்டுக் குறிக்க வேண்டும்.