"இரையாதேன்னா என்ன தாத்தா?"

(சென்னை வேப்பேரியில், ஒரு சபையின் குடும்ப ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது)

ஆயர் அவர்களுக்கும், கர்த்தருக்குள் பிரியமான குடும்பங்களுக்கும் ஸ்தோத்திரம்.

குடும்ப ஜெபத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதில் வேதத்தைத் திறந்து வைத்திருக்கும் அந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நம் வீடுகளில் அது எப்படி நடக்கிறது? இரவு ஒன்பதரை மணி. அப்பா ஓ.எம்.ஆரிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறார். பிள்ளைக்கு நாளைக்கு டெஸ்ட். பாயை விரித்து, ஒரு கீர்த்தனையின் பல்லவியும் ஒரு சரணமும் பாடி, ஓர் அதிகாரத்தை ஆளுக்கு இரண்டு வசனமாக வாசித்து, பரமண்டல ஜெபம் சொல்லி எழுந்துவிடுகிறோம். இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. இந்த ஊரின் ஓட்டத்தில் நாலு பேரும் ஒன்றாக உட்காருவதே பெரிய காரியம். ஆனாலும், வாசித்தது விளங்கியதா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. எத்தியோப்பிய மந்திரியின் ரதத்தை ஓடிப்போய்ப் பிடித்த பிலிப்பு முதலில் கேட்டதே அதுதான்: "நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா?"

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் மாமனார் காசிமேட்டுக்காரர். முப்பது வருஷத்துக்கு மேல் கடலுக்குப் போனவர். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அவர் எங்களோடு வந்து தங்கியிருந்த ஒரு நாள், மாற்கு நாலாம் அதிகாரத்தில், படகின் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்கிய இயேசு எழுந்து புயலை அடக்கும் பகுதியை வாசித்தோம். என் மகன் இங்கிலீஷ் மீடியம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். "இரை... யாதே, அமைத... லாயிரு" என்று வாசித்துவிட்டு நிறுத்தினான். "இரையாதேன்னா என்ன தாத்தா? மீனுக்குப் போடுற இரையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். "இரைச்சல் தெரியும்ல? காத்து ஏறுனா ராத்திரில கடல் இரையும். கரையில படுத்தாகூட தூக்கம் வராது. அந்தச் சத்தத்தைத்தான் சும்மா இருன்னு அதட்டுறாரு." அப்புறம், கேட்காமலேயே, பின்னணியம் எது என்று சொல்லிக் கொடுத்தார். அணியம் என்றால் படகின் முன்பக்கம், பின்னணியம் பின்பக்கம். தரையில் விரலால் படகு வரைந்து, தலையணை இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். "படகுல தண்ணி ஏறுது, அப்பவும் ஒருத்தர் தூங்குறாருன்னா, அந்த உடம்பு எவ்வளவு அசந்திருக்கணும்!"

இந்தப் பகுதியில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஆண்டவருடைய வல்லமையைக் கேட்டிருக்கிறேன். அவருடைய அசதியை எனக்குக் காட்டியவர் மாமனார்தான்.

பையன் விடவில்லை. "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்ற வரியில் விரலை வைத்து, "ஆண்டவர்கிட்ட இப்படிக் கேட்கலாமா?" என்றான். மாமனார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நானும் கேட்டிருக்கேன்டா" என்றார். அன்றைக்கு நாங்கள் ஏழு வசனத்தைத் தாண்டவில்லை.

பிள்ளைகள் சொல்லில் தடுக்குவது அவர்கள் குற்றம் இல்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது பவர் ஐயர் குழு செய்த தமிழ் வேதாகமத் திருப்புதல். அது 1871-ல் வந்தது. அதற்கும் நூறு வருஷம் முன்பு, இதே வேப்பேரியில் இருந்துகொண்டு பெப்ரீசியஸ் ஐயர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1772-ல் வெளிவந்தது. சீகன்பால்க் ஐயர் தரங்கம்பாடியில் அச்சிட்டு முடித்தது 1715-ல். ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்து ஜனங்களுக்கு விளங்க வேண்டும் என்றுதான் திரும்பத் திரும்ப உழைத்திருக்கிறது. ஆகவே 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வதில் ஒரு தவறும் இல்லை. பழைய வசனத்தின் ஓசை காதில் விழட்டும், புதியதில் பொருள் விளங்கட்டும்.

பிள்ளை கேட்கும் என்று வேதமே எதிர்பார்த்திருக்கிறது. எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா பண்டிகையைச் சொல்லும்போதே, "உங்கள் பிள்ளைகள்: இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று உங்களைக் கேட்டால்" என்று யாத்திராகமம் 12-ல் வருகிறது. யோர்தான் நதியிலிருந்து எடுத்த பன்னிரண்டு கல்லைப் பார்த்தும் பிள்ளை கேட்கும் என்கிறது யோசுவா 4. உபாகமம் 6-லும் மகன் கேட்கிறான். அங்கே தகப்பன் பிரசங்கம் பண்ணவில்லை. "நாங்கள் எகிப்திலே பார்வோனுக்கு அடிமைகளாயிருந்தோம்" என்று குடும்பக் கதையை ஆரம்பிக்கிறான்.

இதை எல்லாம் நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். சில வருஷம் முன்பு, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடக் கூட்டிக்கொண்டு போகிற ஆதியாகமம் 22 வாசித்தோம். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. "ஈசாக்கைக் கூட்டிட்டுப் போறது சாராளுக்குத் தெரியுமாப்பா? அம்மாகிட்ட சொன்னாங்களா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல மனசு வரவில்லை. "அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம், அடுத்த வசனம் வாசி" என்று அதட்டினேன். வாசித்தாள். அதற்குப் பிறகு பல மாதம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டேன், பாருங்கள்.

பிற்பாடு தனியாக அதே அதிகாரத்தை வாசித்தேன். அதில் சாராளின் பேரே இல்லை. அடுத்த அதிகாரம் அவள் மரணத்தில் தொடங்குகிறது. என் மகள் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி! அதே அதிகாரத்தில் இன்னொரு பிள்ளையும் கேட்கிறான். "நெருப்பும் கட்டையும் இருக்கிறது, ஆட்டுக்குட்டி எங்கே" என்று ஈசாக்கு. தன் வாழ்நாளிலேயே பாரமான அந்த வழியில் நடக்கிற ஆபிரகாம், பிள்ளை கூப்பிட்டதும் "என் மகனே, இதோ, இருக்கிறேன்" என்கிறார். அந்த வரியைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது வேதாகமத்தோடு ஒரு நோட்டும் வைத்திருக்கிறோம். பதில் தெரியாத கேள்வியை அதில் எழுதிக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை ஆயரிடம் கேட்போம். சில கேள்விகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. முதல் பக்கத்தில் சாராளைப் பற்றி அவள் கையெழுத்தில் இருக்கிறது.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். மாற்குவில் 16 அதிகாரம், 678 வசனம். நாளைக்குப் பத்து வசனம் என்றால் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் ஆகும். தப்பிய நாளை எண்ண வேண்டாம். அதிகாரத்தை முடித்தே ஆகவேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். பெரியவர்கள் கடைசியில் பேசுங்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மாற்கு 4:35 முதல் 41 வரை வாசியுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்கள் பக்கத்தில் பிள்ளையை உட்கார வையுங்கள். வாசித்து முடித்ததும் உடனே ஜெபத்துக்குப் போய்விடாதீர்கள், கொஞ்சம் காத்திருங்கள். பிள்ளை ஏதாவது கேட்கும்.