ஏட்டுச் சுரைக்காயும் குழந்தைகள் அலமாரியும்

(வேலூர் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் நூலக அலுவலர் அவர்களே, வாசகர் வட்டப் பொறுப்பாளர்களே, காட்பாடி, குடியாத்தம், ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுத்த விழாக் குழுவுக்குத் தனி நன்றி.

‘சிறார் இலக்கிய ஆய்வுகள் இன்று’ என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்று செய்தி சொல்ல வேண்டும். பெரியவர்கள் எழுதுவதைக் குழந்தை இலக்கியம் என்று சொல்லலாமா என்பது ஒன்று. பதின்பருவ நாவல்கள் என்பது இரண்டாவது. கதைக்குள் யார் வீட்டுப் பிள்ளை வருகிறது என்பது மூன்றாவது. முதல் செய்தியில் சண்டையை 1984இல் ஜாக்குலின் ரோஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் மூட்டிவிட்டார். 2008இல் பெரி நோடல்மன் என்ற கனடா ஆய்வாளர், குழந்தைக் கதைக்குள் ஒளிந்திருக்கும் பெரியவரைப் பிடித்துக் காட்டினார். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. மூன்றாவதற்கே போய்விடுகிறேன்.

நியூயார்க்கில் ஒரு மழலையர் பள்ளி. ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒரு படப் புத்தகத்தைப் பார்க்கிறாள். “எப்பவும் வெள்ளைப் பிள்ளைங்களாவே இருக்காங்களே, ஏன்?” என்கிறாள். நம்மூராக இருந்தால் கன்னத்தைத் தட்டி, மிட்டாய் கொடுத்து உட்கார வைத்திருப்போம். நான்சி லாரிக் என்ற கல்வியாளர் என்ன செய்தார்? பதிப்பகங்களுக்கெல்லாம் கடிதம் போட்டார். 1962 முதல் 1964 வரை 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 புத்தகங்களைக் கணக்கெடுத்தார். கறுப்பினத்தவர் ஒருவராவது தலைகாட்டியவை 349. நூற்றுக்கு ஏழுகூடத் தேறவில்லை! அதிலும் பாதிக்கு மேல் வெளிநாட்டுக் கதை, இல்லை இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காலத்துக் கதை. 1965இல் கட்டுரை வந்தது. 1985இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துச் சிறார் நூல் மையம் எண்ண ஆரம்பித்தது. அவ்வாண்டு வந்த சுமார் 2,500 நூல்களில் கறுப்பினத்தார் எழுதியதோ வரைந்ததோ 18தான். இன்றுவரை எண்ணுகிறார்கள்.

இங்கே யார் எண்ணினார்கள்? தோல் ஷாப்புக்குப் போகிற அப்பா, பீடி சுற்றுகிற அம்மா, ஜவ்வாது மலைப் பிள்ளை, உருது பேசும் வீட்டுப் பிள்ளை, இவர்களெல்லாம் நம் கிளை நூலக அலமாரியில் எத்தனை கதையில் வருகிறார்கள்?

எண்ணுவது எளிது, தப்பாக எண்ணுவது அதைவிட எளிது. அலமாரியில் நிற்பதை மட்டும் எண்ணாதீர்கள். பிள்ளைகள் விரும்பும் புத்தகம் இரவல் போயிருக்கும், தூசி படிந்ததுதான் நிற்கும். ஆகவே நூல் பதிவேட்டிலிருந்து பத்துக்கு ஒன்றாக நூறு புத்தகம் எடுங்கள். ஒரே புத்தகத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்கட்டும், ஒத்துவராவிட்டால் மூன்றாமவர். கணக்குத் தாளில் விலங்குக் கதைகளுக்குத் தனிப் பத்தி. கலந்தால் விகிதம் கெட்டுவிடும். எழுத்துக்கு ஒரு பத்தி, படத்துக்கு ஒரு பத்தி. கதையில் கூரை வீடு இருக்கும், ஓவியர் மாடி வீடு போட்டிருப்பார். ‘யாரைப் பற்றி’ வேறு, ‘யார் எழுதியது’ வேறு, இரண்டையும் சேர்க்காதீர்கள். கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதித் தாளையும் பாருங்கள். முத்திரையே விழாத தாள் பல கதை சொல்லும்.

இதைச் செய்யாமல் மேடையில் ஆய்வு பேசினால், மறுபடி சொல்கிறேன், ஏட்டுச் சுரைக்காய்தான். சொத்து வரியோடு நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் நூலக வரி கட்டுகிறோம். அந்தக் காசில் பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகம் வாங்குவது என்று கணக்கோடு போய்க் கேட்போம். பதின்பருவ நாவலுக்கு நேரமில்லை, தலைவர் மணி அடித்துவிட்டார். கணக்கெடுக்கும் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. பெயரும் உங்கள் கிளை நூலகமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.