ஒரு மில்லிமீட்டர் குழாய்

நேயர்களுக்கு வணக்கம். கேட்டுக்கொண்டே உங்கள் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் விரலால் அழுத்திப் பாருங்கள். தோலுக்கு அடுத்து எலும்புதான். சதையெல்லாம் பின்னால், கெண்டைக்காலில். கணுக்காலை நெருங்கினால் அதுவும் இல்லை. அங்கே தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால், தைத்து மூடத் தோல் போதாது. மேலுறை போன வெறும் எலும்பில் ஒட்டுத்தோலும் பிடிக்காது.

கோத்தகிரிப் பக்கம் கொழுந்து மூட்டை ஏற்றிய வண்டி மோதிய ஒரு அக்காவுக்கு அப்படித்தான் ஆயிற்று. இந்த மாதிரி காயத்துக்குப் பக்கத்துத் தோலை, அடியிலுள்ள கொழுப்போடு எடுத்து, காற்றாடி இறக்கையைப் போலத் திருப்பிக் காயத்தின் மேல் வைக்கிறோம். முழுதாக வெட்டி எடுப்பதில்லை. ஒரே ஒரு ரத்தக்குழாயில் அது தொங்கிக்கொண்டிருக்கும். சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன். அது முறுக்கிக்கொண்டால் தோல் கறுத்துவிடும். 1991-இல் இப்படித் திருப்பி வைக்கும் தோல் மடலுக்குக் காற்றாடிப் பெயரைச் சூட்டியவர் ஹியாகுசோகு என்ற ஜப்பானிய மருத்துவர்.

அந்தக் குழாய் எங்கே இருக்கிறது? ஆளுக்கு ஆள் இடம் மாறும். பேனா போன்ற டாப்ளர் கருவி ரத்தம் ஓடும் சத்தத்தை மட்டும்தான் தரும். ஆழத்தில் ஓடும் பெரிய தமனியின் சத்தமும் அதில் கலந்துவிடும். ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் ஸ்கேனில் கண்ணால் பார்க்கலாம்: சதையைப் போர்த்திய உறையைக் குழாய் எங்கே துளைக்கிறது, எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் சாய்கிறது. கதிர்வீச்சு கிடையாது, மருந்தும் ஏற்ற வேண்டாம். மெஷினைக் கட்டிலருகே தள்ளிவந்து, கத்தி பிடிக்கப்போகிறவரே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் மலைக்குளிரில் குழாய்கள் சுருங்கிக் கண்ணில் படாது. அதனால் ஸ்கேனுக்குத் தடவும் ஜெல் பாட்டிலை வெந்நீரில் வைத்து, காலைக் கம்பளியில் பொதிந்து, பிறகுதான் ஸ்கேன் கருவியால் தொடுவேன். கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி தொட வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் குழாய் நசுங்கி மறைந்துவிடும்.

திரையில் சிவப்புப் புள்ளி ஒன்று விட்டு விட்டு மின்னியது. "துடிக்குதே டாக்டர், நெஞ்சு மாதிரி" என்றார் அக்கா. தோலில் மார்க்கரால் குறித்தேன். மறுநாள் ஒரு ஓரத்தை மட்டும் கீறித் தூக்கினோம். ஸ்கேன் சொன்னாலும் நேரில் பார்க்காமல் மறுபக்கத்தை வெட்டக் கூடாது. மார்க்கர் போட்ட இடத்துக்கு நேர்கீழே குழாய் இருந்தது.

உங்களிடம் கேட்பது இதுதான். இப்படிப்பட்ட காயத்தில் தேயிலைத்தூள், காபித்தூள் அப்பாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, கால் அசையாமல் பலகை வைத்துக் கட்டி, உடனே கொண்டுவாருங்கள். அறுவைக்கு முன்னும் பின்னும் பீடி, சிகரெட் வேண்டவே வேண்டாம். அந்த ஒரு மில்லிமீட்டர் குழாயைப் புகை சுருக்கிவிடும்.

வணக்கம்.