தண்ணி நண்டு என்று யார் சொல்வது?

(மூதூரில் களப்புத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே வரும் வழியில் கிண்ணியாப் பாலத்தடியில் ஒரு தம்பி மறித்துக் கேட்டார்: “அக்கா, நண்டுக்கு ஏன் விலை குறைச்சல் என்று கேட்டால் ‘வெளிநாட்டில விழுந்திட்டுது’ என்று ஒரே பதில்தான் வருகுது. உண்மைதானா?”

அந்தப் பதிலில் பாதி உண்மை. மற்றப் பாதியைப் பேசத்தான் வந்திருக்கிறேன். ஆனாலும் உண்மையான பாதியை முதலில் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் வாங்குபவருக்கு அநியாயம் செய்தவளாவேன்.

2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் பண்ணைகளில் வளர்த்த மீன், இறால், நண்டு, சிப்பி எல்லாம் சேர்ந்து 9 கோடி 40 இலட்சம் தொன்னைத் தாண்டின. கடலிலும் குளத்திலும் பிடித்ததை வளர்த்தது முந்தியது அந்த ஆண்டில்தான். ஆகவே நீங்கள் வலையில் பிடித்த இறாலாக இருந்தாலும், அதன் விலையை இப்போது எங்கோ ஒரு பண்ணைக்காரர்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறார்.

இன்று இறால் ஏற்றுமதியில் முதலாவதாக நிற்கும் எக்குவடோர் வருடத்துக்குப் பத்து இலட்சம் தொன்னுக்கு மேல் அனுப்புகிறது. பெரும்பங்கு சீனாவுக்கு. சீனா வாங்குவதைக் குறைத்தால் அந்தச் சரக்கு அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் தேடிப் போகும். அங்கே விலை இறங்கினால் புத்தளத்துப் பண்ணையிலும் இறங்கும். நோயும் இப்படித்தான். 2013ஐ ஒட்டித் தாய்லாந்தில் இளம் இறாலை மொத்தமாகக் கொல்லும் ஒரு நோய் பரவி, விளைச்சல் ஏறக்குறைய பாதியாக விழுந்தது. உலகச் சந்தையில் விலை பறந்தது. அதைக் கண்ட மற்ற நாடுகள் குஞ்சை அள்ளி விட்டன. பண்ணைகளில் வளர்க்கும் வன்னமை இன இறால் மூன்று நான்கு மாதத்தில் பிடிக்கும் பருவத்துக்கு வந்துவிடும். எல்லாரும் பிடித்துக் கொண்டுவந்தபோது விலை மறுபடி சரிந்தது. அடுத்தவன் பண்ணை செத்தால் நமக்கு விலை. சொல்ல மனம் கூசுகிறது. 1996இல் நம் நாட்டுப் பண்ணைகள் வெள்ளைப்புள்ளி நோயில் வெறுமையானபோது நாம் அந்த அடுத்தவனாக இருந்தோம்.

திருகோணமலைக் கடலிலேயே கூண்டு கட்டிக் கொடுவா வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள், பார்த்திருப்பீர்கள். கொடுவா தின்னும் தீனில் மீன்மா, அதாவது உலர்த்தி அரைத்த மீன், இருக்கிறது. உலகில் மீன்மா அதிகம் வருவது பெரு நாட்டு நெத்தலியிலிருந்து. 2023இல் அங்கே கடல் சூடேறி, முதற் பருவத்து நெத்தலிப் பிடிப்பை அரசாங்கமே நிறுத்தியது. மீன்மா விலை ஏறியது. தீன் வாங்குகிற எல்லாருக்கும் அந்தச் சூடு பட்டது.

டொலரைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. 2022இல் 200 ரூபாய்க்கு நின்ற டொலர் சில மாதத்தில் 360ஐத் தாண்டியது. ஏற்றுமதி செய்தவருக்கு ரூபாய்க் கணக்கில் கை நிறைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாம் படகுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. இரண்டும் ஒரே காற்று, படகுகள்தான் வேறு.

இவ்வளவும் உண்மையான பாதி. இனி நண்டுக்கு வருகிறேன்.

எங்கள் அப்பா கொட்டியாரக் குடாவின் கண்டல் ஓரங்களில் நண்டுக்கூடு வைத்தவர். விடியற்காலையில் பத்து நண்டு கட்டிக் கொண்டுபோனால், வாங்குபவர் அடிவயிற்று ஓட்டைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்து நாலைந்தை ஒதுக்குவார். “தண்ணி.” அந்த ஒரு சொல்லுக்கு அரை விலை. ஓடு கழற்றிய நண்டுக்குச் சதை பிடிக்க நாளாகும், அதுவரை உள்ளே நீர்தான். அது வழியிலேயே செத்துவிடவும் கூடும். இங்கிருந்து கொழும்புக்கு இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல், பிறகு விமானத்தில் சிங்கப்பூர். அங்கே உணவகப் பட்டியலில் ‘சிறிலங்கா நண்டு’ என்றே நம் பெயரில் விற்கிறார்கள். சாகிற நண்டுக்கு அங்கே யாரும் காசு தரமாட்டார்கள். ஆகவே ஒதுக்குவதில் நியாயம் உண்டு.

பிறகு நான் கொழும்புப் பக்கம் ஏற்றுமதி செய்யும் இடமொன்றில் தரம் பிரிக்கும் மேசையில் பதினொரு வருடம் நின்றேன். கிழக்கிலிருந்து வரும் பெட்டிகளைத் திறந்து என் பெருவிரலாலேயே அமுக்கினேன். தண்ணி நண்டோ தேடிப் பிடிக்கவேண்டிய அளவுக்கு அரிதாக இருந்தது. அப்பாவிடம் ஒதுக்கிய அந்த நாலைந்தும் எங்கே போயின? சிலதை வாங்கியவர்கள் கூட்டில் விட்டு, மூன்று நான்கு கிழமை தீன் போட்டுச் சதை ஏற்றி விற்றார்கள். அது உழைப்பு, அதற்குக் கூலி நியாயம். மற்றதெல்லாம் அன்றைக்கே சதை நண்டு. அப்பாவின் கண் முன்னால் அதற்குத் தண்ணி என்று பெயர் வைத்தார்கள். அவர் அதை வாழ்நாள் முழுக்க நம்பினார். அந்த மேசையில் நின்று இதை விளங்கிக்கொண்ட நாளில் அவர் உயிரோடு இல்லை.

சீனப் புத்தாண்டுக்கு முன் நண்டுக்குத் தேவை ஏறுவதையும் பிறகு இறங்குவதையும் நம்மால் மாற்ற முடியாது. ஆனால் இறங்குதுறையில் நண்டை அமுக்கும் பெருவிரல் யாருடையது என்பதை மாற்றலாம். வாங்குபவர் அமுக்கட்டும், நம் ஆளும் பக்கத்தில் நின்று அமுக்கட்டும். மொத்தம் எத்தனை, எத்தனை ஒதுக்கினார்கள், எந்த நிறைக்கு என்ன விலை என்பதை அன்றன்றே எழுதுங்கள். ஒதுக்கியதைக் கொடுக்காமல் பத்துக் குடும்பம் சேர்ந்து களப்பில் கூடு கட்டிச் சதை ஏற்றுங்கள். தீனுக்கு மீன் கழிவு நம் வாடியிலேயே கிடக்கிறது. ஒரு பருவம் எழுதிப் பாருங்கள். விலை விழுந்தது சிங்கப்பூரிலா இந்தத் தராசடியிலா என்று அந்தக் கணக்கே காட்டும்.

எழுதுவதற்கு ஒரு கரும்பலகை கொண்டுவந்திருக்கிறேன், வெளியே ஓட்டோவில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் இறங்குதுறை வாடிச் சுவரில் அடிக்க இரண்டு பேர் வாருங்கள். ஆணியும் இருக்கிறது.