ரயில் உணவுக்குப் பொறுப்பாளர் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 650 கிலோமீட்டர் தொலைவு. 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத் அதை எட்டு மணி நேரத்திற்குள் கடந்துவிடுகிறது என்பது நமக்குப் பெரிய வசதி. ஆனால் காலை ஆறு மணியளவில் புறப்படும் ரயிலைப் பிடிக்க அம்பாசமுத்திரத்திலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் இருட்டிலேயே கிளம்பும் குடும்பத்தால் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைக் கட்டிக்கொண்டு வர முடியாது. ரயிலில் கிடைப்பதையே நம்ப வேண்டும்.

அந்த நம்பிக்கைதான் நிலையாக இல்லை. நம் பக்கத்து ரயில் ஒன்றில் ஒருமுறை பொங்கல் சூடாகவும் குழைவாகவும் வந்தது. பரிமாறிய இளைஞர் என் எதிரே இருந்த ஆச்சிக்குத் தாமே மூடியைப் பிரித்துக் கொடுத்தார். மறுமுறை அதே விலைக்கு வந்த பொங்கலில் கரண்டி இறங்கவில்லை, சட்னி புளித்திருந்தது. கேட்டபோது, "கொடுத்ததைத்தான் கொண்டு வந்தேன், சார்" என்றார் பரிமாறியவர்.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. 2010இல் மண்டல ரயில்வேக்களிடம் சென்ற உணவுப் பொறுப்பு, 2017 கொள்கையின்படி மீண்டும் ரயில்வேயின் உணவு, சுற்றுலா நிறுவனமான ஐ.ஆர்.சி.டி.சி.யிடம் வந்தது, அப்போது சமைப்பதும் பரிமாறுவதும் தனித்தனி வேலைகளாகப் பிரிக்கப்பட்டன. நல்ல சமையற்கூடங்கள் வேண்டும் என்ற நோக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் உணவு எப்போது சமைக்கப்பட்டது, எவ்வளவு நேரம் அடுக்கில் கிடந்தது என்பதற்குப் பயணியின் முன் நிற்பவரால் பதில் சொல்ல முடிவதில்லை. அதே 2017இல் 74 நிலையங்களையும் 80 ரயில்களையும் ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையும், கொள்கையும் பொறுப்பும் அடிக்கடி மாறியதையும் ரசீது தரப்படாததையும் குறைகளாகவே பதிவு செய்தது.

ஆகவே ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அது தரப்படாவிட்டால் பணம் தர வேண்டியதில்லை என்பது ரயில்வேயே அறிவித்த விதி. குறை இருந்தால் வண்டியில் இருக்கும்போதே 139 என்ற எண்ணில், பி.என்.ஆர். எண்ணுடன் சொல்லுங்கள், இறங்கிய பிறகு சொன்னால் அந்தப் பொட்டலத்தை யாரும் பார்க்கப்போவதில்லை.

ரயில்வே நிர்வாகத்திடமும் ஒரு வேண்டுகோள். சமையற்கூடத்தின் பெயரையும் பொட்டலமிட்ட தேதியையும் அறிய இப்போது கியூ.ஆர். குறியீடு வைக்கிறார்கள். ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்களும் படிக்கும்படி, அவற்றோடு சமைத்த நேரத்தையும் சேர்த்து, மூடியின் மேல் பெரிய தமிழ் எழுத்தில் அச்சிட வேண்டும்.

நன்றி, வணக்கம்.